பிளானும் சேலைத் தொட்டிலும்

தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கூடத்தில், அதை இடித்துவிட்டுக் கட்டப்போகும் புது மண்டபத்தின் பிளானை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்கள். சாயங்காலம் சபையார் வந்து பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும்.

"எனக்கு ஏசி உண்டு, வழுவழுன்னு வெள்ளைக் கூரை உண்டு," என்றது பிளான்.

"தொட்டில் எங்க கட்டுவாங்க தம்பி?" என்று கேட்டது உத்திரத்தில் தொங்கிய சேலைத் தொட்டில்.

"கட்ட முடியாது. கூரையில பிடிமானம் கிடையாது."

"அப்போ பிள்ளைக்காரிக எல்லாம் கூட்டம் முடியுற வரைக்கும் வெளியதான் நிக்கணும்."

உத்திரம் பெருமூச்சு விட்டது. "என்மேல ஒரே நேரத்துல அஞ்சு தொட்டில் ஆடியிருக்கு. பிரசங்கம் நீண்டா முதல்ல பிள்ளைக தூங்கும், அப்புறம் பெரியவங்க. அதெல்லாம் ஒரு காலம்."

சாயங்காலம் சபையார் வந்தார்கள். பிளானைப் பார்த்து, நல்லாயிருக்கு என்றார்கள். அந்நேரம், வந்தவர்களில் ஒருத்தி தொட்டிலில் கிடத்தியிருந்த பிள்ளை வீல் என்று அழுதது. பக்கத்தில் நின்ற இன்ஜினியர் ஒரு கையால் ஆட்டிவிட்டார். அழுகை நின்றதும் உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார், பிளானையும் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து, இரண்டு சுவருக்கும் நடுவே கம்பி ஒன்று வரைந்தார்.

எல்லாரும் போனபின் பிளான் மெதுவாகக் கேட்டது. "அண்ணாச்சி, பிள்ளைக ரொம்பக் கனமா இருக்குமா?"

"கனமே தெரியாது தம்பி," என்றது உத்திரம். "நடக்கப் பழகிட்டா மேல நிமிர்ந்துகூடப் பார்க்காதுக. அதைத்தான் தாங்கணும்."