வெளித்தாழ்ப்பாள்

மூன்றாவது அடி காதின் மேல் விழுந்தது. அதற்குள் பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது.

எப்போதும் அப்படித்தான். இவள் கணவன் கையை ஓங்கினால் அந்தத் தையல்காரி மிஷினை மிதிப்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே, உத்தரத்துக்குக் கீழே, பழைய காற்றுத்துளை ஒன்று இருந்தது. தையல்காரிக்குக் கேட்காமல் இருக்காது. கேட்காமல் இருக்கத்தான் மிஷின்.

கட்டடம் ஒரு காலத்தில் சிறைச்சாலை. இப்போது அடுக்குமாடி வீடுகள். தெருவில் போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பழைய சாமான் எதையும் கழற்றக்கூடாது என்பது விதி. அதனால் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் வெளிப்பக்கம் முழ நீள இரும்புத் தாழ்ப்பாள் அப்படியே இருந்தது. சிலர் அதில் பூச்சட்டி தொங்கவிட்டிருந்தார்கள்.

குடிவந்த அன்று கணவன் அதைத் தட்டிக் காட்டினான்.

“நான்தான் ஜெயிலர். உனக்கு ஆயுள் தண்டனை.”

அவளும் சிரித்தாள். அப்போது கல்யாணமாகிப் பத்து நாள்.

இப்போது அவன் அவள் தலைமுடியைக் கையில் சுற்றி நெற்றியைச் சுவரில் மோதினான். ஒருமுறை. பிறகு இன்னொருமுறை, ஆணி அடிக்கிறவனின் நிதானத்தோடு. கருங்கல் சுவர். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

முடித்துவிட்டுக் கை கழுவப் போனான். அடித்து முடித்ததும் கழுவுவான். சோப்புப் போட்டு, நகக்கண் வரைக்கும்.

குழாய்ச் சத்தம் நிற்கும்வரைதான் நேரம்.

போன மாதமும் இப்படி அவன் கை கழுவும்போது வெளியே வந்து, கதவைச் சாத்தி, இரண்டு கையாலும் அந்தத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். எத்தனை வருடத்துத் துருவோ, இம்மி நகரவில்லை. கணவன் வந்து அவள் காலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான். அப்போது பக்கத்து வீட்டுக் கதவு விரற்கடை திறந்திருந்தது. இடுக்கில் ஒரு கண். பிறகு கதவு மூடிக்கொண்டது.

கணவனைவிட அந்தக் கண்ணைத்தான் அவள் அதிகம் வெறுத்தாள்.

சுவரைப் பிடித்து எழுந்தாள். இரத்தம் இறங்கி ஒரு கண்ணை மூடியது. வெளியே வந்து கதவைச் சாத்தினாள். மாடிப்படி எட்டடி தூரம். அதற்குள் அவன் எட்டிப் பிடித்துவிடுவான். வேறு போக்கில்லாமல் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

உள்ளே குழாய் நின்றது.

தள்ளினாள். அது சத்தமே போடாமல் வழுக்கிப் போய்ச் சுவர்க்குழியில் உட்கார்ந்தது. வேகத்தில் அவளே முன்னால் சரிந்தாள்.

கதவு உள்ளிருந்து அதிர்ந்தது.

“ஏய், திற. விளையாடாத.”

தோளால் இடித்தான். நாற்காலியால் அடித்தான். நாற்காலி உடைவது கேட்டது. அவனைவிட முரடர்களைப் பார்த்த கதவு அது.

பக்கத்து வீட்டில் மிஷின் நின்றிருந்தது. கதவு விரற்கடை திறந்திருந்தது. மூடவில்லை.

முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். இரத்தத்தோடு வேறு என்னவோ பிசுபிசுத்தது. துரு இல்லை. முகர்ந்து பார்த்தாள்.

தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய்.