வேளைக்கு இரண்டு இளநீர்

காலை வெயில் வார்டு ஜன்னல் வழியாகத் தெட்சிணாமூர்த்தியின் கால்களில் விழுகிறது. இரண்டும் ஊதிப் பளபளக்கின்றன. நர்ஸ் விரலால் அழுத்திய குழி எழும்பாமல் நிற்கிறது. அவன் வாயில் மூத்திர வாடை அடிக்கிறது, கட்டிலில் தொங்கும் மூத்திரப் பையோ காய்ந்து கிடக்கிறது. நெல் அறுப்பு முடியும்வரை இடுப்புவலிக்கு மாத்திரையாகப் போட்டுத் தள்ளியவனுக்கு மூன்று நாளாகச் சிறுநீர் இறங்கவில்லை. வயலில் நின்ற சூடு என்றுதான் அவன் மனைவி தையல்நாயகி நினைத்தாள். “வீட்ல என்னம்மா குடுத்தீங்க?” மானிட்டரில் தாறுமாறாக ஓடும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் டாக்டர் கேட்கிறார். “எளநிதாங்க. வேளைக்கு ரெண்டு. வரிச்சிக்குடி பூரா தேடி செவ்வெளநியா வாங்கிக் குடுத்தேன்.” அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருக்கிறது. “கிட்னி நின்னுபோச்சும்மா. எளநில இருக்குற பொட்டாசியம் வெளிய போக வழியில்லாம ரத்தத்துல ஏறி, இப்ப இதயத்தை நிறுத்தப் பாக்குது. உடனே டயாலிசிஸ் பண்ணணும்.” தையல்நாயகி முந்தானையை வாயில் அழுத்திக்கொள்கிறாள். தெட்சிணாமூர்த்திக்குப் பாதிதான் காதில் விழுகிறது. “அவளத் திட்டாதீங்க சார்.” அவனுக்கு நாக்குக் குழறுகிறது. “நான் வேணாம்னாலும் விடாம புகட்டுனா. அவ இல்லேன்னா எப்பயோ போயிருப்பேன்.” டாக்டர் சம்மதப் படிவத்தை நீட்டுகிறார். தையல்நாயகி பேனாவை வாங்கி, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்கிறாள்.