ஐந்தரை மணி ஹாரன்

சின்னச் சிப் ஒன்றை வைத்துத் தானே செய்த கடிகாரத்தில், அலாரத்துக்குத் தண்ணீர் லாரியின் ஹாரனைத்தான் ஏற்றினான் அமல்ராஜ். வேறெந்தச் சத்தத்துக்கும் அவனுக்கு விழிப்பு வராது. குடியிருப்புக்கு லாரி வந்தே ஐந்து மாதமாகியிருந்தது. ஹாரன் மட்டும் அவன் செல்போனில் பத்திரமாக இருந்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கடிகாரம் அலறியது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பதற்குள் மூன்று மாடியும் குடங்களோடு வாசலில் வரிசை கட்டிவிட்டது.

கடிகாரத்தோடு கீழே ஓடினான். "லாரி வரலைங்க, கத்துனது இதுதான்!" என்று எல்லோர் முன்னாலும் ஒலிக்கவிட்டுக் காட்டினான். வரிசை இன்னும் நெருக்கி நின்றதே தவிர, ஒருவரும் நகரவில்லை.

நடுவில் அவன் மனைவி ரெஜினா நின்றிருந்தாள். நேற்று ஸ்பீக்கருக்கு வயர் பிடித்துக் கொடுத்தவளே அவள்தான்.

"உனக்குமா தெரியாது?"

"தெரியுங்க. இன்னொரு குடம் எடுத்துட்டு வாங்க, இடம் போயிடும்."