அவசரப்படாத வாசிப்பு

முத்தம்மாவுக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. கல்யாணராமனைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்த வலி. சதை வற்றினாலும் மனுஷனுக்கு எலும்பு கனக்கத்தான் செய்கிறது.

பாட்டின் முதல் மூன்று பகுதிகளைப் படுத்தபடியே கேட்டுவிட்டார். கடைசிப் பகுதியைப் படுத்துக்கொண்டு கேட்பது மரியாதை இல்லையாம்.

கண்ணைக் காட்டினார். புகையை வடிகட்டும் பெட்டியை அணைத்தாள். சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜை அணைத்தாள். மிச்சம் இருந்தது அவருடைய மூக்குக் குழாய்க்குக் காற்று தரும் ஆக்ஸிஜன் மெஷின். அதன்மேல் கைவைத்து நின்றாள்.

"வேணாம் சார். நேத்தே உதடு நீலம் பாரிச்சுப் போச்சு."

"நீ ஏன் என் உதட்டைப் பாக்கறே? பாட்டைக் கேளு. ம், நிறுத்து."

நிறுத்தினாள். முடியாது என்றால் வேறு ஆளை வைப்பேன் என்பார்.

அவர் மகள் மானசாவோ தினமும் குர்காவ் ஆபீசுக்குக் கிளம்பும்போது, ஷூ மாட்டிக்கொண்டே, மெஷினை ஒரு மினிட்கூட பந்த் பண்ணக்கூடாது, ஏதாவது ஆனால் போலீஸ்தான் என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பு முத்தம்மாவுக்குப் பிடிக்காது.

போர் முடிந்த கையோடு ஓர் இங்கிலாந்துக்காரர் எழுதிய சிம்பொனியாம் இது. முதலில் எல்லாம் ஊர் இடிகிற மாதிரி சத்தம். கடைசிப் பகுதியில் மட்டும் சத்தம் ஏறவே ஏறாது. முணுமுணுத்தபடியே போய் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். அதில் மெஷின் இரைச்சல் கலந்தால் கேட்டதே வீண் என்பார்.

அதையே மூன்று விதமான பதிவுகளாக வைத்திருந்தார். பழைய இசைத்தட்டில் வாத்தியக்காரர்களை நடத்துகிறவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவராம். இரண்டாவது அரங்கத்தில் பதிவு செய்தது. இருமுகிறவர்களைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்களோ என்று எரிச்சல்படுவார்.

முத்தம்மாவுக்கு வாசிப்பில் வித்தியாசம் தெரியாது. பழையது சீக்கிரம் முடிந்துவிடும், அவர் உதடு நிறம் மாறாது. அரங்கத்தில் எடுத்ததில் மாறும். ஆனால் முடிந்ததும் கைதட்டுவார்கள், சுவிட்சைப் போட்டுவிடலாம்.

முந்தாநாள் பழையது முடிந்துவிட்டதென்று நினைத்து மெஷினை முன்கூட்டியே போட்டுவிட்டாள். வயலின் இன்னும் இருந்ததாம். மூச்சு கிடைக்காமல் திணறிக்கொண்டே திட்டினார். உன் காது என்ன செங்கல்லா என்றார். இனிமேல் என் விரல் நிமிர்ந்திருக்கிறவரை பாட்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள், விரல் இறங்கினால் போடு என்று சொல்லிவைத்தார்.

இன்று மூன்றாவது. யாரும் அவசரப்படாமல் வாசித்தது இது ஒன்றுதான் என்று காலையிலிருந்தே முகத்தில் ஒரு தெளிச்சி.

கன்னத்தில் கையை ஊன்றி, ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டார்.

வயலின்கள் ஊர்ந்தன. நின்றதுபோல் நின்று, மறுபடி ஊர்ந்தன. ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தது. வெளியே துவாரகாவின் மத்தியானம் சாம்பலாகக் கிடந்தது.

சத்தம் தேய்ந்தது.

இருக்கிறதா, இல்லையா? இருமல் இல்லை. கைதட்டல் இல்லை. பாட்டுப் பெட்டியின் விளக்கும் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

விரல் நிமிர்ந்தே இருந்தது.

இந்தக் கட்டடம் எழும்பியபோது முத்தம்மா இங்கேதான் கலவை சுமந்தாள். வேலை நேரத்தில் கலவை மெஷின் திடீரென்று நின்றால், சித்தாள்கள் எல்லோரும் சட்டியை இறக்கிவிட்டு அண்ணாந்து சாரத்தைப் பார்ப்பார்கள். விழுந்தது யார் என்று தெரிகிறவரை ஒருவரும் பேசமாட்டார்கள்.

அந்த அமைதி இது.

அப்படியும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவருக்குக் கேட்கிற வயலின் தனக்குக் கேட்கவில்லையோ என்னவோ.

பக்கத்து ஃப்ளாட்டில் குக்கர் விசில் அடித்தது.

அவர் முகம் சுளிக்கவில்லை.

சுவிட்சைப் போட்டாள். மெஷின் உறுமிக் கிளம்பியது. குழாயை அவர் மூக்கோடு அழுத்திப் பிடித்தாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டட்டும், செங்கல் என்றே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

மெஷின் மட்டும் ஓடியது.

மேசைமேல் அவளுடைய போன் அதிர்ந்தது. மானசா. அப்பா சாப்பிட்டாரா என்று கேட்கிற நேரம்.

மெஷினை நிறுத்தச் சொல்வது நான்தான், முத்தம்மாமேல் தப்பில்லை என்று மகளிடம் சொல்லிவிடுகிறேன் என்றிருந்தார் கல்யாணராமன். தீபாவளியிலிருந்து நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வார்த்தையை அவர் முத்தம்மாவுக்கு இன்னும் தரவேண்டும்.