பெயர் அழித்த கடிதங்கள்

“போன மாசம் எனக்குக் கல்யாணம் ஆச்சுன்னு எழுதியிருக்கேன் மேடம். பரவாயில்லையா?”

ஸ்டெம் செல் தான மையத்தின் கடிதப் பிரிவு எழுத்தர் கறுப்பு மைப் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். எதிரே லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

“கல்யாணமெல்லாம் வேணாம் சார். அடுத்த லெட்டர்ல ஏதாவது விசேஷம் உண்டான்னு கேப்பாங்க. அதுக்கடுத்ததுல குழந்தைக்கு என்ன பேருன்னு கேப்பாங்க. எங்க போய் நிறுத்துவீங்க?”

“அதுவும் சரிதான்.” அந்த வரியை அடித்தார். “அப்ப ப்ரமோஷன்?”

“ப்ரமோஷன் இருக்கட்டும்.”

கடிதம் அவர் மகள் எழுதுவதுபோல இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், முகம் தெரியாத ஒரு பையனுக்கு ரத்த ஸ்டெம் செல்கள் கொடுத்தவள் அவள். பையனுக்கு ரத்தப் புற்றுநோய். சொந்தத்தில் யாருடையதும் பொருந்தவில்லை, இவளுடையது பொருந்தியது. நாலு நாள் ஊசி போட்டுக்கொண்டு, எலும்பெல்லாம் குடைச்சலெடுக்க, ஐந்தாம் நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் படுத்துக் கிடந்தாள். யாரோ எவனோ, உனக்கெதுக்கு இந்த வேலை என்று தடுத்த அப்பாவிடம், “எனக்கு வலி அஞ்சு நாள், அவனுக்கு ஆயுசுக்கும்ப்பா” என்று வாயை அடைத்தாள். நாலே மாதத்தில், ஆபீஸ் போகிற வழியில் ஒரு லாரி அவளை அடித்துப் போட்டுவிட்டுப் போனது.

கொடுத்தவரும் பெற்றவரும் இரண்டு வருடத்துக்கு ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது விதி. கடிதம் மட்டும் எழுதலாம். அதிலும் பெயர், ஊர், வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் எழுத்தர் அழித்துவிட்டு, கையெழுத்தை வைத்துக்கூட ஆள் தெரியாதபடி தட்டச்சு செய்துதான் அனுப்புவாள். எழுதியது உண்மையா பொய்யா என்று பார்ப்பது அவள் வேலையில்லை.

மகள் போன பிறகு பையனிடமிருந்து முதல் கடிதம் வந்தது. ‘அக்கா, நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்டிருந்தான். என்ன பதில் எழுதுவது என்று இதே மேஜை முன்னால் நின்று அவர் அழுதபோது, “நல்லா இருக்கேன்னு எழுதுங்க சார்” என்று சொன்னவள் இந்த எழுத்தர்தான். செய்தது சரியா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

“பையன்கிட்டேர்ந்து லெட்டர் வந்திருக்கு” என்று ஒரு காகிதத்தை நீட்டினாள்.

அவர் நின்றபடியே படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

“‘இப்பல்லாம் மூச்சு வாங்கறதில்ல அக்கா. மூணு மாடி விடாம ஏறிட்டேன்.’ பாத்தீங்களா மேடம்? கால் நல்லா இருக்கறவனையெல்லாம் லிஃப்ட்ல ஏத்தி விடறது என் பொழப்பு. இந்தப் பய படியேறிட்டுத் திரியறான்.”

சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

“அடுத்த வாரத்தோட ரெண்டு வருஷம் முடியுது. ரெண்டு பக்கமும் சம்மதிச்சா நேர்ல பாக்கலாமாமே.”

எழுத்தர் படிவத்தைப் பிரிக்காமல் அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

“எதுக்கு சார் இப்ப?”

“என் மக முழுசாப் போயிடல மேடம். அவ ரத்தம் இன்னும் ஒரு உடம்புல சூடா ஓடிட்டிருக்கு. அந்தக் கையை ஒரே ஒரு தடவை பிடிச்சுப் பாத்துக்கறேன். வீட்டுக்குப் போனா சுவரைத்தான் பாக்கணும். அந்த ஒரு நினைப்புலதான் காலையில எந்திரிக்கிறேன்.”

“அக்கா எங்கேன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

அவர் படிவத்தின் மடிப்பை விரலால் நீவினார்.

“தனக்கு உயிர் கொடுத்தவ இல்லைன்னு தெரிஞ்சா அந்தப் பையன் தாங்குவானா? இத்தனை நாள் வந்த லெட்டரெல்லாம் யார் எழுதினதுன்னு யோசிப்பானே. வேணாம் சார். லெட்டரோட இருக்கட்டும்.”

அவர் படிவத்தை எடுத்துப் பிரித்தார். பிறகு அதைக் கிழித்து, துண்டுகளைக் குப்பையில் போடாமல் பையிலேயே வைத்துக்கொண்டார்.

“நீங்க சொல்றதும் நியாயம்தான். பொழைச்சு வந்த புள்ள. அவனைப் போய்க் கலங்கடிக்கக் கூடாது. எங்கேயோ நல்லா இருக்கட்டும்.”

பையனின் கடிதம் கசங்காமல் பிடித்துக்கொண்டு போனார். கதவு சாத்தியதும் எழுத்தர் பேனாவைத் திறந்தாள். அவர் கடிதத்தில் ஆபீஸ் பெயர் வந்த இடத்தைக் கறுப்பு மையால் அழித்தாள். தட்டச்சு செய்து உறையில் போட்டாள். பிறகு தொலைபேசியை எடுத்துப் பையனின் வீட்டு எண்ணை அழுத்தினாள். அவன் அம்மாதான் எடுத்தாள்.

“அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து லெட்டர் வந்திருக்கும்மா. நாளைக்குத் தபால்ல கிடைக்கும்.”

“வந்துடுச்சா? நல்லா இருக்காளா?”

“ம். ப்ரமோஷன் கிடைச்சிருக்காம்.”

“கிடைக்கட்டும், மகராசி. அவ நல்லா இருக்கான்னு படிச்சாத்தான் எனக்குச் சோறே இறங்குது. கையோட பதில் எழுதி அனுப்பிடறேன்.” குரல் உடைந்து, மறுபடி வந்தது. “எம் புள்ள போயி எட்டு மாசமாச்சுங்கறது மட்டும் அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிடக் கூடாதும்மா, தாங்க மாட்டா.”