கிள்ளும் விரல்கள்

காட்டில் அற்றுப்போன, தேயிலைக்கு உறவான காட்டுக் கமேலியாவை, விதையெடுத்துத் திரும்பக் காட்டில் விதைப்பதற்காக, வனத்துறை வால்பாறையில் வீட்டுக்கு ஒரு கன்றாக வளர்க்கக் கொடுத்து ஆறு வருடமாயிற்று. எல்லார் வீட்டிலும் பூத்துவிட்டது. எந்திரங்கள் வந்ததால் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை இழந்த மரியபுஷ்பத்தின் செடி மட்டும் மொட்டே விடவில்லை.

"நெழல் இருக்கு, எலைமக்கு போட்டேன், வேருல தண்ணி நிக்க விடல. இன்னும் என்னதான் வேணுமாம்?" என்று செடியையே திட்டினாள்.

கணவன் ஆசீர் சட்டென அவள் கையைப் பிடித்தான். "உன் வெரலப் பாரு புள்ள."

விரல்களுக்கிடையில் நுனிக்கொழுந்து. முப்பது வருடப் பழக்கம், அவளைக் கேட்காமலே கிள்ளியிருந்தது.

அன்றிலிருந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் செடியருகே போனாள். மார்கழியில், கிள்ளிக் கிள்ளியே புதராய்க் கிளைத்திருந்த அந்தச் செடி ஊரிலேயே அதிகமாகப் பூத்தது.

"ஒண்ணு பறிச்சுத் தலையில வையேன்."

"போய்யா. அம்புட்டும் வெதையாகிக் காட்டுக்குப் போகணும். இந்தக் கை பறிச்சது போதும்."