அசல் புஷ்

"நான் லேத்துல கடைஞ்சு தரட்டுமா?" என்றாள் மனைவி.

ஷெட்டில் பழைய எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு, தண்டைத் தாங்கும் வளையமான, தேய்ந்துபோன புஷ்ஷும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் சிரித்தார்.

"உங்கப்பா லேத்தைக் கொடுத்தார் சரி, வித்தையையும் சேர்த்துக் கொடுத்தாரா? இது அறுபது வருஷத்து எஞ்சின்மா. கம்பெனி அசல்தான் போடணும். வீட்டுல கடைஞ்சது நாலு நாள் தாங்காது. நீ லேத்துப் பக்கமே போகாதே."

"சரிங்க" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

உதிரிபாகக் கடைக்காரர் அசலை அனுப்பிவைக்க ஒரு மாதம் ஆயிற்று. ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகப் பொட்டலத்தைப் பிரித்தார். பளபளவென்றிருந்த புஷ், ஒரே தட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. எஞ்சின் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

"கேட்டியா சத்தத்தை? இதுதான் அசல்! வீட்டு வேலையில இந்த நயம் வருமா?"

"எங்கேருந்து வரும்?" என்றாள் அவள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

உற்சாகம் தாங்காமல் கடைக்காரருக்குப் போன் போட்டார். "அதே மாதிரி இன்னும் நாலு கிடைக்குமா?"

"செய்யறவங்களைக் கேட்டுட்டு இப்பவே கூப்பிடறேன் சார்."

செய்கிறவர்களா? அவர் யோசித்து முடிப்பதற்குள் சமையலறையில் மனைவியின் போன் அடித்தது.

"நாலுதானே? செஞ்சிடலாம்ணே. ஆனா பகல்லதான் முடியும். சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் வந்துட்டா லேத்தைத் தொட விடமாட்டார்."